பின்மூடிக்குள் இருந்த தரம்

பட்டுப் புடவை வாங்கப் போகிறவர் சரிகையை நகத்தால் கீறிப் பார்க்கிறார்; செப்புக் குடம் வாங்குகிறவர் அதை விரலால் தட்டி ஓசையைக் கேட்கிறார்; விலை, தரம், பயன் ஆகிய மூன்றையும் தம் கண்ணாலும் கையாலும் ஒருவாறு நிர்ணயித்துக்கொண்ட பிறகே இருவரும் மடியை அவிழ்க்கிறார்கள். கைக்கடிகாரம் என்ற சிறு யந்திரம் நம் ஊர்களுக்கு வந்து சேர்ந்தபோதோ, விலை மட்டும் வெளியே தெரிய, தரம் முழுவதும் ஓர் உலோக மூடிக்குள் மறைந்துகிடக்க, பயன் இன்னதென்பது வாங்கிச் சில வருஷங்கள் சென்ற பிறகே விளங்க, முன்பின் பழக்கமில்லாத ஒரு சங்கடத்தில் ஜனங்கள் அகப்பட்டுக்கொண்டார்கள். அதிலிருந்து அவர்களைக் கரையேற்றியவர் கடை முதலாளியும் அல்லர், விளம்பரம் எழுதியவரும் அல்லர். தெருவோரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் குனிந்து உட்கார்ந்திருந்த ரிப்பேர்காரரே என்பது என் அபிப்பிராயம்.

சூரியனையும் நிழலையும் பார்த்து நாழிகைக் கணக்கில் பொழுதைக் கழித்துவந்த தேசத்துக்கு நிமிஷத்தின் அருமையைக் கற்பித்தது ரயில் வண்டி. 1856 ஜூலை 1-ஆம் தேதி இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னாட்டின் முதல் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு நாழிகை முன்பின் என்பது வண்டியைத் தவறவிடுவதற்குத் தாராளமாகப் போதுமான காலமாகிவிட்டது. நுங்கம்பாக்கத்து வான ஆராய்ச்சிக் கூடத்தில் கணிக்கப்பட்டதும், கிரீன்விச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிஷம் முந்தியதுமான சென்னை நேரமே பின்னர் இந்திய ரயில்வேக்கள் பலவற்றுக்கும் பொது நேரமாயிற்று. 1906 ஜனவரி 1-ஆம் தேதி இந்திய நேரம் அமலுக்கு வந்தபோது, சென்னை நேரத்தைப் பின்பற்றியவர்கள் முள்ளைச் சுமார் ஒன்பது நிமிஷம் முன்னால் தள்ளிக்கொள்ள வேண்டியதாயிற்று. அப்படித் தள்ளுவதற்குச் சொந்தமாக முள் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே. 1849-இல் தொடங்கப்பட்டு, மவுண்ட் ரோட்டில் மணிக்கூண்டோடு கம்பீரமாக எழுந்த பி. ஆர். அண்ட் சன்ஸ் கடையின் படியேறக்கூடியவர்கள் துரைமார்களும் ஜமீன்தார்களும் பெரிய வக்கீல்களுமாகவே இருந்தார்கள். அவர்களுக்கு விலை ஒரு பொருட்டன்று, தரத்துக்கோ கடையின் பெயரே ஜாமீன். ஆகவே மூன்றையும் எடைபோட்டு வாங்கியவர்களுடைய சரித்திரத்தை அந்தப் படிக்கட்டில் தேடுவதில் பயனில்லை.

அது தொடங்குகிற இடம் ஸ்விட்சர்லாந்து. தங்கப் பெட்டியும் சித்திர வேலையும் இல்லாவிட்டால் கடிகாரமே இல்லை என்று தொழிலாளர்களும் வியாபாரிகளும் ஒருங்கே நம்பிவந்த காலத்தில், ஜார்ஜ் ஃபிரெடரிக் ராஸ்கோப் என்ற கடிகாரக்காரர், கூலிக்காரன் ஒருவன் தன் ஒரு வாரச் சம்பாத்தியத்தைக் கொடுத்து வாங்கத்தக்க ஒன்றைச் செய்யவேண்டும் என்று சங்கல்பம் செய்துகொண்டார். உறுப்புகளை 57 ஆகக் குறைத்தார். மாணிக்கக் கல் வைக்கும் இடத்தில் எஃகு ஊசிகளை வைத்தார். மிச்சம் பிடித்த செலவைப் பெட்டியின் அலங்காரத்தில் வீணாக்காமல் யந்திரத்தின் உறுதியிலே போட்டார். 1867-இல் வெளிவந்த அந்தப் பைக்கடிகாரத்தின் விலை 20 பிராங்கு. ஏழைக்கு மலிவானதும் வேண்டும், ஆனால் மலிவினால் கெட்டுப்போகாததும் வேண்டும் என்ற கஷ்டமான கணக்கை நேர்மையாகப் போட்டவர் அவர். அவருடைய பெயரைப் பொறித்துக்கொண்டு பின்னால் வந்த போலிகள் அந்த நேர்மையை மட்டும் விட்டுவிட்டன. முதுகில் ரயில் என்ஜின் படமும் வயிற்றில் பெரும் சத்தமுமாக வந்த அந்தச் சரக்குகளால், ஏமாந்தவர்களும் உண்டு, நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பெற்றுத் திருப்தியடைந்தவர்களும் உண்டு.

பயன் என்பது யந்திரத்தைப் பொறுத்தது மட்டுமன்று, அணிகிறவருடைய ஆடையையும் பொறுத்தது என்பதற்குப் பைக்கடிகாரமே சாட்சி. கோட்டும் அதன் உட்சட்டையும் அணிகிறவர்களுக்காகச் செய்த வஸ்துவை, வேஷ்டியும் மேல்துண்டுமாக நடமாடிய நம்மவர்கள் இடுப்பில் செருகிக்கொண்டார்கள். காந்தியடிகளின் இடுப்பில் தொங்கிய ஜெனித் கடிகாரம் உலகப் பிரசித்தமானது. அதன் விசேஷம் விலையில் இல்லை, பிரார்த்தனைக்கு எழுப்புவதற்கு அலாரமும், இருட்டில் பார்ப்பதற்கு ரேடியம் பூச்சும் அதில் இருந்தன என்பதிலேதான். தம் காரியத்துக்கு இன்னது வேண்டும் என்று தெரிந்தவர் கையில் கருவி எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது!

மணிக்கட்டில் கடிகாரம் கட்டிக்கொள்வது பெண்களுக்குரிய அலங்காரம் என்று முதல் உலக யுத்தத்துக்கு முன் ஐரோப்பிய ஆடவர்கள் எண்ணியிருந்தார்கள். குழிக்குள் பதுங்கிக்கொண்டு குறித்த நிமிஷத்தில் மேலே ஏறவேண்டிய சிப்பாய்க்குப் பையில் கைவிட்டுத் துழாவ அவகாசம் ஏது? யுத்தம் முடிந்தபோது கைக்கடிகாரம் ஆண்களுடைய சொத்தாகிவிட்டது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் கடை வைத்திருந்த வெஸ்ட் எண்ட் கம்பெனியாரின் கடிகாரங்கள் மெஸபொடேமியாப் போர்முனையில் இருந்த படைகளோடு சென்று திரும்பியதனாலே பேர்பெற்றன. 1865 முதல் இந்தியாவோடு வியாபாரத் தொடர்பு கொண்டிருந்த ஃபேவர் லூபாவும், பிற்காலத்தில் ரோமர், டைட்டோனி, கேமி, ஹென்றி சாண்டோஸ் முதலிய பெயர்களும் நம் கடைவீதிகளிலே சரளமாகப் புழங்கலாயின. பெயர்களை உச்சரிக்கும் விதம் ஊருக்கு ஊர் மாறினாலும், ஆறாம் எண்ணுக்குக் கீழே எறும்பு எழுத்தில் ‘ஸ்விஸ் மேட்’ என்று இருக்கிறதா என்று தேடும் பழக்கம் மட்டும் எங்கும் ஒன்றாகவே இருந்தது.

மாட்டுச் சந்தையில் மாட்டின் வயிற்றுக்குள் புகுந்து பார்க்க முடியாதவன் பல்லைப் பிடித்துப் பார்த்தும் சுழியை எண்ணியும் அதன் யோக்கியதையை ஊகிப்பதுபோல, கடிகாரம் வாங்க வந்தவர்களும் வெளி அடையாளங்களைக்கொண்டு உள்விஷயத்தை அறியும் சில பரீட்சைகளை ஏற்படுத்திக்கொண்டார்கள். காதோரம் வைத்து டிக் டிக் ஓசை ஒரே சீராக வருகிறதா என்று கேட்பது ஒன்று; சாவி கொடுக்கும்போது குமிழ் விரலுக்கு மெத்தென்று திரும்புகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. எத்தனை ஜுவல் என்று விசாரிப்பது எல்லாவற்றிலும் பெரிய பரீட்சை.

இந்த ஜுவல் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். கைக்கடிகாரத்தின் பாலன்ஸ் சக்கரம் விநாடிக்கு ஐந்து துடிப்பு வீதம் ஒரு நாளில் 4,32,000 தடவை துடிக்கிறது. அதன் அச்சு முனையின் கனமோ மில்லிமீட்டரில் சுமார் பத்தில் ஒரு பங்கு. பித்தளைத் துளையில் இவ்வளவு ஓயாத உராய்வைத் தாங்கவைத்தால் துளை நீண்டுவிடும். மாணிக்கத்தில் துளையிட்டு அதில் ஊன்றவைத்தால் பல ஆண்டுகள் தேயாது. நல்ல கடிகாரம் ஒன்றைப் பிரித்து எண்ணினால், பாலன்ஸ் அச்சுக்கு நான்கு கல், அதைத் தட்டிவிடும் ஊசிக்கு ஒன்று, நங்கூர வடிவான நெம்புகோலின் இரு நுனிகளுக்கு இரண்டு, அந்த நெம்புகோலின் அச்சுக்கும் எஸ்கேப் சக்கரத்துக்கும் நான்காம், மூன்றாம், நடுச் சக்கரங்களுக்கும் இவ்விரண்டாகப் பத்து, ஆகமொத்தம் பதினேழு என்று கணக்கு நேராகிறது. செயற்கை மாணிக்கம் செய்யும் முறை 1902-இல் வெளிப்பட்டுவிட்டபடியால் இந்தக் கற்களுக்கு ரத்தின விலை ஒன்றும் கிடையாது. ஆனால் வாங்குகிறவர்கள் எண்ணைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பதினேழைவிட இருபத்தொன்று மேல், அதைவிட இருபத்தைந்து மேல் என்ற நம்பிக்கை உலகெங்கும் பரவவே, உற்பத்தியாளர்கள் எந்தச் சக்கரத்தையும் தாங்காத கற்களை ஓரங்களில் வரிசையாகப் பதித்து, நூறு ஜுவல் என்று பெயரிட்டுக்கூட விற்றார்கள். உழைக்காத கல்லைக் கணக்கில் சேர்க்கக்கூடாது என்று 1974-இல் ஒரு சர்வதேச விதி ஏற்பட்ட பிறகே அந்தக் கேலிக்கூத்துக்கு ஒரு வரம்பு வந்தது. தரத்தை ஓர் எண்ணாகச் சுருக்கிவிட்டால், பிறகு எண்தான் உற்பத்தியாகும், தரம் உற்பத்தியாகாது. செல்போனின் காமிராவுக்கு இத்தனை மெகாபிக்ஸல் என்று இன்று மார்தட்டுகிறவர்கள் இந்தக் கதையை அறிந்திருந்தால் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவார்கள்.

இப்படிப்பட்ட மாயங்கள் பலிக்காத ஒரே இடம் ரிப்பேர்காரருடைய மேஜை. பஸ் நிலையத்தின் பக்கத்திலோ, தேரடித் தெருவில் ஜவுளிக்கடைத் திண்ணையின் ஒரு மூலையிலோ, மூன்று பக்கம் கண்ணாடி அடைத்த சிறு பெட்டியை முன்னே வைத்துக்கொண்டு அவர் அமர்ந்திருப்பார். ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடிக் குழல், தூசி விழாமல் உறுப்புகளை மூடிவைக்கக் கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணங்கள், பெட்ரோல் வாசனை, சுவரில் ஆணிக்கு ஆணி தொங்கும் ஊரார் கடிகாரங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரம் காட்டியபடி. புதுக் கடிகாரம் வாங்க எண்ணியவர், கடையிலிருந்து அதைச் சற்று நேரம் இரவல் பெற்றோ, பழையதைக் கைமாற்றாக வாங்குகிறவரானால் விற்பவரையும் உடன் அழைத்துக்கொண்டோ, அந்த மேஜைக்கு வந்துசேருவார். கத்தி முனையால் பின்மூடி ஒரு தட்டில் திறக்கும். அரை நிமிஷம் பேச்சே இராது.

“தேறுமா அண்ணே?”

“மிஷின் நல்ல மிஷின்தான் சார். பாடிதான் ரெண்டு வருஷத்துல கறுத்துப்போகும்.”

இந்த இரண்டு வாக்கியங்களில் ஒரு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது. பல கடிகாரங்களின் முதுகில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்’ என்று செதுக்கியிருக்கும். படித்தவர்கள்கூட அதைக் கண்டு முழுப் பெட்டியும் துருப்பிடிக்காத எஃகு என்று மகிழ்ந்துபோவார்கள். எழுதியிருப்பதில் அணுவளவும் பொய் இல்லை. முதுகு மட்டும் எஃகு, மற்றதெல்லாம் குரோமியம் பூசிய பித்தளை. ஐரோப்பியக் குளிரில் அந்தப் பூச்சு எத்தனை காலம் நின்றதோ, நாகப்பட்டினத்து உப்புக் காற்றும் சித்திரை மாதத்து வியர்வையும் படுகிற கையில் அது சீக்கிரமே பொரிந்து, காதுகளின் ஓரத்தில் பித்தளை பல்லிளிக்கும். எந்த மிஷின் நம் ஊர் ஈரத்துக்குத் தாங்கும், எதற்கு உதிரிப் பாகம் சென்னையில் கிடைக்கும், எதன் ஹேர் ஸ்பிரிங்கைத் தொட்டால் மீட்க முடியாது என்பவை எந்த விலைப்பட்டியலிலும் அச்சாகாத ஞானம். ரிப்பேர்காரர் தம் மேஜைக்கு வந்துசேர்ந்த பிணங்களை அறுத்துப் பார்த்தே அதைச் சம்பாதித்தார். விற்பதில் அவருக்கு லாபம் இல்லை என்பதும் அவர் வாக்குக்கு ஒரு மதிப்பைத் தந்தது. கெட்டுப்போவதில் லாபம் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், ஆனால் அதே தெருவில் ஆயுள் முழுவதும் உட்கார்ந்திருக்க வேண்டியவர் அந்த லாபத்துக்காகப் பொய் சொல்லித் தப்ப முடியாது.

சுதந்திரத்துக்குப் பிறகு கதை வேறு பக்கம் திரும்பியது. 1957-ஐ ஒட்டி ஏற்பட்ட அந்நியச் செலாவணி நெருக்கடி முதலாக இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகவே, ஸ்விஸ் கடிகாரம் நேர்வழியில் சாமானியர் கைக்கு எட்டாத சரக்காயிற்று. பெங்களூரில் மத்திய சர்க்காரின் எச்.எம்.டி. நிறுவனம் ஜப்பானிய சிட்டிஸன் கம்பெனியாரின் ஒத்துழைப்போடு 1961-இல் கடிகாரத் தொழிற்சாலையைத் தொடங்க, அதன் முதல் கடிகாரங்களை நேரு வெளியிட்டார். அங்கே செய்யப்பட்ட ‘ஜனதா’ என்ற கடிகாரத்தை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். பதினேழு கல், தினம் ஒரு தடவை சாவி, படிக்கத் தெளிவான வெள்ளை முகம். அதிர்ச்சி தாங்கும் பாராஷாக் அமைப்பு அச்சு முனை ஒடியாமல் காத்தது. ஜனதாவுக்குள் இருந்த மிஷினே ‘பைலட்’ போன்ற பிற மாடல்களுக்குள்ளும் இருந்தபடியால், ஒன்றன் உறுப்பு மற்றொன்றுக்கு உதவியது, திருநெல்வேலியில் உள்ள ரிப்பேர்காரரும் திருத்தணியில் உள்ளவரும் கண்ணை மூடிக்கொண்டு அதைப் பிரித்துப் பூட்டினார்கள். ராஸ்கோப் போட்ட கணக்கை நம் தேசத்தில் மறுபடியும் சரியாகப் போட்டவர்கள் என்று அந்தத் தொழிற்சாலையாரைச் சொல்லலாம். பார்வையற்றவர்கள் மூடியைத் திறந்து முள்ளைத் தடவி மணி அறியும்படி ஒரு கடிகாரத்தையும் அவர்கள் செய்தார்கள். பயன் என்ற சொல்லுக்கு அதைவிடக் கௌரவமான உரை கிடைப்பது அரிது.

குறை என்னவென்றால், வேண்டியவர்களுக்கு வேண்டியபோது அது கிடைக்கவில்லை. தேவை உற்பத்தியை முந்திக்கொண்டே இருந்தது. தானாகச் சாவி ஏறுவதும், பொன் முலாம் பூசியதும், கிழமையும் தேதியும் காட்டுவதுமான ‘காஞ்சன்’ என்ற மாடல் மாப்பிள்ளை வீட்டாரின் பட்டியலில் இடம்பெற்றுவிட்டபோது, குறித்த விலைக்குமேல் கொடுத்தும் பெண்ணைப் பெற்றவர்கள் அதைத் தேடி அலைந்தார்கள். அங்கே விலை, தரம், பயன் என்ற மூன்றுமே ஒதுங்கிக்கொண்டு, சம்பந்தி என்ற நான்காவது ஒன்று தராசைப் பிடித்துக்கொண்டது.

கிடைக்காத சரக்குக்கு ஒரு குறுக்குவழி உண்டு. பர்மாவில் 1964-இல் கடைகள் தேசியமயமானதும் கையில் ஒன்றுமில்லாமல் திரும்பிவந்த தமிழர்களுக்குப் பிழைப்புக்காக, 1960-களின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வரிசையாக எழுந்த சிறு கடைகள் பர்மா பஜார் என்று பெயர்பெற்று, கப்பலிலிருந்து இறங்கிய வெளிநாட்டுச் சாமான்களின் சந்தையாக மாறின. ஸீக்கோவும் ரிக்கோவும் அங்கே பெட்டியில்லாமல், ரசீதில்லாமல், கைக்குட்டைக்குள்ளிருந்து வெளிவந்தன. கேட்ட விலையில் பாதியிலிருந்து பேரம் தொடங்கவேண்டும் என்பது அந்தச் சந்தையின் எழுதாத சட்டம். பேரத்தில் ஜயித்தவர் பாரிமுனை தாண்டுவதற்குள் முகம் வாடுவதும் உண்டு. மேலே ஜப்பான் முகமும் உள்ளே எந்த ஊர் என்று தெரியாத மிஷினுமாகச் சில கடிகாரங்கள் இருந்தன. விஷயமறிந்தவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்பே பின்மூடியைத் திறக்கச் சொன்னார்கள். திறக்க மறுக்கிற கடையை விட்டு நகர்ந்தார்கள்.

பெண்களுடைய கடிகாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே போகக்கூடாது. ஆண்களுக்குச் செய்த யந்திரத்தைச் சுருக்கி, மிளகு அளவு முகத்தில் முள்ளை நட்டு, அதை நளினம் என்று விற்றார்கள். சிறிய பாலன்ஸ் சக்கரம் இயல்பாகவே நேரத்தை நிலையாகக் காக்க வல்லதன்று. ஆகவே அதிக விலை கொடுத்துக் குறைந்த தரத்தையும், படிக்க முடியாத முகத்தையும் அவர்கள் வாங்கவேண்டியிருந்தது. நாடி பார்க்கவேண்டிய நர்ஸுகளும் மணியடிப்பதற்குள் பாடம் முடிக்கவேண்டிய ஆசிரியைகளும், கடைக்காரர் ஆச்சரியப்பட்டாலும் சரி என்று, நடுவில் விநாடி முள் ஓடுகிற பெரிய கடிகாரத்தைக் கேட்டு வாங்கினார்கள். இந்த நூறு வருஷத்தில் பயனை முன்வைத்துப் பொருள் தேர்ந்தவர்களில் அவர்களுக்கே முதலிடம் கொடுப்பேன்.

1969 டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் ஸீக்கோ கம்பெனியார் விற்பனைக்கு வைத்த குவார்ட்ஸ் கடிகாரத்தின் விலை 4,50,000 யென். அந்தப் பணத்தில் ஒரு சிறு மோட்டார் காரே வாங்கியிருக்கலாம். விநாடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு கல் துண்டு பாலன்ஸ் சக்கரத்தின் வேலையை ஏற்றுக்கொள்ளும் முறை அதன் பிறகு நிலைபெற்று, பதினைந்து இருபது வருஷங்களுக்குள் விலை இறங்கிய வேகம் தொழில்களின் சரித்திரத்திலேயே அபூர்வமானது. 1989-இல் வெளிவந்த காஸியோ எஃப்-91டபிள்யூ என்ற பிளாஸ்டிக் கடிகாரம், ஒரே பாட்டரியில் ஏழு வருஷம் ஓடிக்கொண்டு, ஜமீன்தார்கள் கட்டிய தங்கக் கடிகாரங்களையெல்லாம் நேரம் காப்பதில் தோற்கடித்தது. எச்.எம்.டி.யாரும் 1981-இலேயே குவார்ட்ஸ் செய்தார்கள். ஆனால் சாவி கொடுக்கும் கடிகாரத்தின்மேல் வைத்த விசுவாசத்தை அவர்களால் விட முடியவில்லை.

தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா குழுமமும் கூட்டாக 1984-இல் நிறுவிய டைட்டன் கம்பெனி, ஹோசூரில் தொழிற்சாலை எழுப்பி, குவார்ட்ஸையே நம்பி இறங்கியது. அது செய்த பெரிய மாற்றம் கடிகாரத்தில் அல்ல, வாங்கும் முறையில் என்று எனக்குத் தோன்றுகிறது. பல மாடல்களின் படங்களை விலையோடு பத்திரிகையில் அச்சிட்டார்கள். விளக்கொளி மிகுந்த கடையில் யாரும் வந்து கையில் கட்டிப் பார்க்கலாம் என்றார்கள். கெட்டுப்போனால் கொண்டுவர ஓர் இடத்தையும் காட்டினார்கள். நேரம் காப்பதில் மலிவான குவார்ட்ஸுக்கும் உயர்ந்த குவார்ட்ஸுக்கும் வித்தியாசம் அற்பமாகிவிட்டபடியால், ஜனங்கள் முகத்தின் அழகையும் பட்டையின் நிறத்தையும் பார்த்து வாங்கத் தலைப்பட்டார்கள். தெருவோரத்து நிபுணரிடம் கேட்பதற்குக் கேள்வி இல்லாமற்போயிற்று. அவர் செல் மாற்றிக் கொடுத்தார், பட்டை விற்றார். பிறகு அதே கண்ணாடிப் பெட்டியில் செல்போன் உறையும் சார்ஜரும் வந்து தொங்கின. மிஷினைத் திறக்கத் தெரிந்த மகன்கள் சிலர் செல்போன் பழுதுபார்க்கப் போனார்கள். அங்கே மூடி திருகாணியால் அல்ல, பசையால் ஒட்டப்பட்டிருந்தது.

எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016-இல் மத்திய மந்திரிசபை அனுமதி அளித்தது. மூடும் செய்தி பரவவே, முப்பது வருஷமாக அலமாரியில் தூங்கிய ஜனதாவை எடுத்துத் துடைத்துக் கட்டிக்கொள்ளும் மோகம் இளைஞர்களுக்குப் பிறந்தது, விலை ஏறியது, விலை ஏறியதும் கைவேலைக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். பழைய மிஷின்களைத் திரட்டி, முகத்தைச் சுரண்டி, தொழிற்சாலை கனவிலும் செய்திராத கிளிப்பச்சையும் மாம்பழ மஞ்சளும் பூசி, ‘ஜனதா’ என்றும் ‘பைலட்’ என்றும் எழுத்துப் பொறித்துப் புத்தம்புதிது போல விற்கிறார்கள். அவற்றை வாங்கிய பிள்ளைகள், எழுத்தின் சாய்வு சரியில்லையே என்று சந்தேகப்பட்டு, எஞ்சியிருக்கும் ரிப்பேர்காரர்களின் விலாசம் விசாரித்துப் போகிறார்கள். ரிப்பேர்காரர் பின்மூடியைத் திறந்து, மூன்று வெவ்வேறு கடிகாரங்களின் உறுப்புகள் ஒரே பெட்டிக்குள் குடித்தனம் செய்வதைக் காட்டி, சர்வீஸ் செய்ய ஒரு வாரம் ஆகும் என்கிறார்.